பல நாட்டுத் தபால்தலைக் குழுவுக்கு விதி எழுதுவது எப்படி? யோசனை தேவை

#1 அரையணா (கோவை)

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் இன்னும் இருவரும் சேர்ந்து பல நாட்டுத் தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்காக ஒரு இணையக் குழு நடத்துகிறோம். ஒருவர் லிஸ்பனில் இருக்கிறார், இன்னொருவர் டொராண்டோவில். ஆரம்பத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதால் "மரியாதையாகப் பேசுங்கள்" என்ற ஒரு வரியே போதுமாக இருந்தது. இப்போது ஜெர்மனி, பாகிஸ்தான், உக்ரைன், ரஷ்யா, பிரேசில், வளைகுடா என்று ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கூடவே புகார்களும்.

ஒருவர் 1934-ஆம் ஆண்டு ஜெர்மன் அரசு அலுவலகத் தபால்தலை வரிசையை ஸ்கேன் செய்து போட்டார். நடுவில் ஸ்வஸ்திகா. "இதை எடுக்காவிட்டால் சர்வர் கம்பெனிக்கு எழுதுவேன்" என்கிறார் இன்னொருவர். எங்கள் சர்வர் ஜெர்மனியில்தான் இருக்கிறது. அடுத்தது, பாகிஸ்தான் 1960-இல் வெளியிட்ட வரைபடத் தபால்தலை. ஜம்மு காஷ்மீர் பகுதியில் "இறுதி நிலை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை" என்று அச்சிட்டிருக்கும். நம் நாட்டு உறுப்பினர்கள் சிலர் உடனே நீக்கச் சொல்கிறார்கள். மூன்றாவது, ஸ்பெயின் 1930-இல் வெளியிட்ட கோயாவின் நிர்வாண ஓவியத் தபால்தலை. அலுவலகத்தில் பக்கத்தைத் திறந்தவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டதாம்.

லிஸ்பன்காரர் "எதையும் நீக்காதே, எல்லாம் சரித்திரம்" என்கிறார். டொராண்டோக்காரர் "புகார் வந்தால் நீக்கிவிடு, வம்பு வேண்டாம்" என்கிறார். விதியை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இங்கே குழு நடத்தியவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கடுகு (திருச்சி)

லிஸ்பன்காரர் விதிப்படி நடந்தால் சத்தம் போடுகிறவன் ஜெயிப்பான். டொராண்டோக்காரர் விதிப்படி நடந்தால் புகார் எழுதுகிறவன் ஜெயிப்பான். ஸ்டாம்ப் சேர்க்கிறவன் இரண்டிலும் தோற்பான்.

#3 பழைய கவர் (மதுரை)

தம்பி அரையணா, நீங்கள் கேட்பது நம் பொழுதுபோக்கைவிடப் பெரிய விஷயம். தபால்தலையில் என்ன படம் இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்று ஏற்கெனவே ஒரு உலக அமைப்பு விதி எழுதி வைத்திருக்கிறது. 1874-இல் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஆரம்பித்த உலக அஞ்சல் ஒன்றியம்தான் அது. அதன் உடன்படிக்கையைப் படித்துப் பாருங்கள். தபால்தலையின் படம் வெளியிடும் நாட்டின் பண்பாட்டோடு நெருங்கியிருக்க வேண்டும், அல்லது அமைதிக்கு உதவ வேண்டும். அரசியல் தன்மை இருக்கக்கூடாது. ஒரு நபரையோ நாட்டையோ புண்படுத்தக்கூடாது. எவ்வளவு அழகான விதி!

இனி நடப்பைப் பாருங்கள். 1932-இல் பராகுவே, சாக்கோ பகுதி "பராகுவேயுடையதாக இருந்தது, இருக்கிறது, இருக்கும்" என்று தபால்தலையிலேயே அச்சடித்தது. அதே ஆண்டு பொலிவியாவோடு போர் மூண்டு 1935 வரை நீடித்தது. 1937-இல் நிகரகுவா ஒரு வரைபடத் தபால்தலையில் ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய பெரிய நிலப்பரப்பை "தகராறில் உள்ள பகுதி" என்று போட்டது. ஹோண்டுராஸ் தலைநகரில் கலவரமே வந்தது. 1960-இல்தான் சர்வதேச நீதிமன்றம் அந்த எல்லை விஷயத்தில் ஹோண்டுராஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இன்னும் கிட்டத்தில் வரலாம். 2022 ஏப்ரல் 12 அன்று உக்ரைன் அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. கரையில் நிற்கும் சிப்பாய் ரஷ்யப் போர்க்கப்பலைப் பார்த்து நடுவிரலைக் காட்டுகிறான். இரண்டே நாளில் மாஸ்க்வா என்ற அந்தக் கப்பல் மூழ்கியது. அந்தத் தபால்தலை வாங்க கீவ் அஞ்சலகத்தில் நீண்ட வரிசை. அரசியல் இல்லையா? ஒரு நாட்டைப் புண்படுத்தவில்லையா? ஒன்றியத்தின் விதி அப்படியே ஏட்டில்தான் இருந்தது.

நாடுகளே கேட்காத விதியை நம் உறுப்பினர்கள் கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். "புண்படுத்தாதே" என்று எழுதினால் தினமும் யாராவது புண்பட்டுக்கொண்டே இருப்பார்கள்.

#4 ஹாம்பர்க் வாசி

ஜெர்மனியில் இருக்கிறேன், அதனால் முதல் புகாரைப் பற்றி மட்டும்.

இங்கே குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். அது உண்மை. ஆனால் குடிமைக் கல்வி, கலை, அறிவியல், ஆராய்ச்சி, கற்பித்தல், வரலாற்று நிகழ்வுகளைப் பற்றிய செய்தி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. தபால்தலைப் பட்டியல் நூல்களில் அந்தக் காலத் தலைகள் எல்லாம் படத்தோடு வருகின்றன, கடையில் கிடைக்கின்றன. ஆக, "ஸ்வஸ்திகா இருந்தாலே நீக்கு" என்று சட்டம் சொல்லவில்லை. எந்தச் சூழலில், எதற்காகக் காட்டுகிறாய் என்றுதான் கேட்கிறது.

இன்னொரு கதை உங்களுக்கு நேரடியாக உதவும். 2000-இல் பிரான்ஸில் இரண்டு அமைப்புகள் யாகூ மேல் வழக்குப் போட்டன. அதன் ஏலத்தளத்தில் நாஜிப் பொருள்கள் விற்பனைக்கு இருந்தன, பிரான்ஸிலிருந்தும் பார்க்க முடிந்தது. "நாங்கள் அமெரிக்கக் கம்பெனி, இணையத்துக்கு எல்லை ஏது?" என்றது யாகூ. நீதிமன்றம் மூன்று நிபுணர்களை நியமித்தது. இணையத்தின் தந்தைகளில் ஒருவர் என்று சொல்லப்படும் விண்ட் செர்ஃப் அவர்களில் ஒருவர். சுமார் 70 சதவீதம் பிரெஞ்சுப் பயனர்களை அவர்களுடைய கணினியின் இணைய முகவரியை (ஐ.பி.) வைத்தே அடையாளம் காணலாம் என்று அறிக்கை வந்தது. நவம்பரில் தீர்ப்பு: மூன்று மாதத்துக்குள் தடுக்கவில்லை என்றால் நாளொன்றுக்கு 1,00,000 பிராங்க் அபராதம்.

2001 ஜனவரியில் யாகூ தன் ஏல விதியையே மாற்றியது. நாஜிகள், கூ கிளக்ஸ் கிளான் (அமெரிக்க வெள்ளை இனவெறிக் கூட்டம்) போன்ற கூட்டங்களைப் போற்றும் பொருளோ நேரடியாகத் தொடர்புள்ள பொருளோ கூடாது என்றது. நமக்குச் சுவையான இடம் அடுத்த வரிதான்: அரசு அதிகாரபூர்வமாக வெளியிட்ட தபால்தலைகளுக்கும் நாணயங்களுக்கும் இந்தத் தடை இல்லை.

வழக்கில் அடிபட்ட அவ்வளவு பெரிய கம்பெனியே தபால்தலையை எடுத்துத் தனியே வைத்தது. காரணம் எளிது. அரசு வெளியிட்டது ஆவணம். தொண்டன் மாட்டிக்கொண்ட கைப்பட்டை வேறு.

#5 அரையணா (கோவை)

ஹாம்பர்க் நண்பரே, யாகூவின் விலக்கு எனக்குத் தெரியாத செய்தி. நன்றி. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா? எங்கள் குழுவில் ஒருவர் ஹிட்லர் தலை போட்ட 1941 வரிசையை, அவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 20 அன்று, ஒரு வார்த்தையும் எழுதாமல் போட்டார். தபால்தலை அரசு வெளியிட்டதுதான். ஆனால் அவர் தபால்தலையைக் காட்ட வந்தவர் மாதிரித் தெரியவில்லை.

#6 ஹாம்பர்க் வாசி

நீக்கியிருப்பேன். அதே வரிசையை இன்னொருவர் வேறு விதமாகப் போடலாம். 1945 மே மாதம் சாக்சோனியில் அஞ்சலகங்களில் ஹிட்லர் தலைதான் கையிருப்பில் இருந்தது, அரசாங்கம் இல்லை, புதிதாக அச்சடிக்க வழியில்லை. ஊருக்கு ஊர் அஞ்சலகக்காரர்கள் முகத்தின்மேல் கருப்பு மை அடித்து அதையே விற்றார்கள். சில ஊர்களில் ரப்பர் முத்திரை, சில ஊர்களில் கட்டையால் ஒரு தீற்று. அந்த மை எந்த ஊருடையது, உண்மையா போலியா என்று சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அந்த இழையில் இருப்பதும் அதே முகம்தான். யாராவது புகார் சொல்வார்களா?

படத்துக்கு விதி எழுதாதீர்கள், பதிவுக்கு எழுதுங்கள். எதை வெளியிட்டார் என்பதைவிட அதை வைத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

#7 கடுகு (திருச்சி)

மனசுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? ஸ்கேனரில் தெரியுமா?

#8 முத்திரைக்காரி (யாழ்ப்பாணம்)

மனசைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு சின்ன நிபந்தனை போதும்: படம் போடுகிறவர் அந்த முத்திரையைப் பற்றி (தபால்தலையை நாங்கள் முத்திரை என்போம்) எழுத வேண்டும். எந்த ஆண்டு, எந்த அச்சு முறை, ஓரத்தில் எத்தனை பல் ஓட்டை, இது தன்னிடம் எப்படி வந்தது. ஏப்ரல் 20 ஆள் அந்த இரண்டு வரியை எழுதமாட்டார், ஏனென்றால் அவருக்கு முத்திரையே தெரியாது.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. பிரான்ஸ் அஞ்சல் துறையில் பணம் கட்டினால் நாம் கொடுக்கும் படத்தை வைத்தே முத்திரை அடித்துத் தருவார்கள். அந்த வழியில் விடுதலைப் புலிகளின் சின்னங்களோடு முத்திரைகள் வெளிவந்தன. 2012 வாக்கில் இலங்கை அரசு பலமாக எதிர்ப்புத் தெரிவித்தது. புலிகள் இயக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே தடை செய்திருந்தது. ஆக, ஒரு அஞ்சல் துறை தன் நாட்டில் தடை உள்ள இயக்கத்தின் சின்னத்தை, யாரும் கவனிக்காமல், தானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

இதை யாகூவின் விலக்கில் எங்கே வைப்பீர்கள்? அரசு வெளியிட்டதா? ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். என்னிடம் கேட்டால் அதுவும் தபால் வரலாறுதான், விவரத்தோடு போட்டால் நிற்கட்டும். ஆனால் இலங்கையில் இருந்து அதைப் போடுகிறவருக்கும் லண்டனில் இருந்து போடுகிறவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. விதி எழுதுகிறவர்கள் "இங்கே போடலாம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக்கூடாது, "உங்கள் நாட்டுச் சட்டம் உங்கள் பொறுப்பு" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல இளம்பிள்ளைகளுக்கு அது தெரியாது.

#9 சட்டப்புள்ளி (சென்னை)

வழக்கறிஞர் என்பதால் இரண்டு மூன்று விஷயம். இது முறையான சட்ட ஆலோசனை இல்லை, திண்ணைப் பேச்சு.

யாருடைய சட்டம் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. சர்வர் இருக்கும் நாடு, நடத்துகிறவர்கள் வசிக்கும் நாடு, பதிவிடுகிறவர் வசிக்கும் நாடு, மூன்றும் தொடும். அரையணா சார், நீங்கள் கோவையில் இருப்பதால் இந்தியச் சட்டம் உங்களைத் தொடும், அதை மறக்க வேண்டாம்.

வரைபடம் பற்றி: 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தில், சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்துக்கு ஒத்துவராத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் நம் நாட்டுக்குள் வரும்போது காஷ்மீர் வரைபடத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டிய கதை நினைவிருக்கும். 1960 பாகிஸ்தான் தபால்தலையைத் தபால்தலையாகவே காட்டுங்கள்: நான்கு ஓரமும் தெரிய, வெளியிட்ட நாடு, ஆண்டு, அப்போதைய தகராறு பற்றி ஒரு வரியோடு. வரைபடப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, குழுவின் முகப்பில் வைக்காதீர்கள். குழு தன் பெயரில் போடும் வரைபடம் எதுவுமே வேண்டாம் என்பேன். உறுப்பினர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று காட்ட உலகப் படம் போடும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். அந்த ஆசையை அடக்குங்கள்.

ஆனால் நீங்கள் மூவரும் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. ஸ்வஸ்திகாவையும் காஷ்மீரையும் விடப் பதிப்புரிமைதான் உங்களைப் பிடிக்கும். ஜெர்மனியில் லோரியோ என்ற புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞரின் ஓவியங்கள் தபால்தலையாக வந்தன. விக்கிமீடியாவின் படக்களஞ்சியத்தில் "தபால்தலை அரசாணை மாதிரி அதிகாரபூர்வப் படைப்பு, உரிமை கிடையாது" என்ற நம்பிக்கையில் அவற்றை ஏற்றி வைத்திருந்தார்கள். வாரிசு வழக்குப் போட்டார். 2012 மார்ச்சில் பெர்லின் நீதிமன்றம், தபால்தலை அப்படிப்பட்ட படைப்பு அல்ல, ஓவியரின் உரிமை அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. பல ஆண்டுகளாக ஏற்றி வைத்த ஜெர்மன் தபால்தலைகள் அதற்குப்பின் கொத்துக் கொத்தாக நீக்கப்பட்டன.

அமெரிக்காவில் அரசாங்கமே மாட்டியது. கொரியப் போர் நினைவிடச் சிற்பங்களின் புகைப்படத்தை வைத்து 2003-இல் தபால்தலை போட்டார்கள். சிற்பி வழக்குப் போட்டு 6,84,000 டாலருக்கு மேல் வாங்கினார். சுதந்திர தேவி சிலை என்று நினைத்து லாஸ் வேகாஸில் இருக்கும் நகல் சிலையின் படத்தைப் போட்ட கதை இன்னும் மோசம், 2018-இல் 35 லட்சம் டாலர்.

இந்தியத் தபால்தலைகளுக்கு அரசு உரிமை 60 ஆண்டு. 1957-இல் நயா பைசா வந்தபோது போட்ட இந்திய வரைபட வரிசை போன்றவை எல்லாம் தாராளமாகப் போடலாம். போன மாதம் வந்ததைப் போடும்போது சின்ன அளவில், விமர்சனத்தோடு, விவரத்தோடு போடச் சொல்லுங்கள்.

#10 பழைய கவர் (மதுரை)

வக்கீல் சார் சொன்னதோடு அளவு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முத்திரை குத்தாத தபால்தலையை வண்ணத்தில் அச்சிட்டால் நிஜ அளவில் முக்காலுக்குக் கீழே, அல்லது ஒன்றரை மடங்குக்கு மேலே இருக்க வேண்டும் என்று பழைய விதி உண்டு. கள்ளத் தபால்தலைக்கு உதவக்கூடாது என்பதற்காக. நம் ஊர்ச் சட்டத்திலும் போலித் தபால்தலைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. 1,200 புள்ளித் தெளிவில் ஸ்கேன் செய்து போடும் புண்ணியவான்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்தப் படத்தை எடுத்து அச்சடித்து அடுத்த கண்காட்சியில் நமக்கே விற்பான்.

#11 நூலகி (சிங்கப்பூர்)

மூன்றாவது புகாரைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆண்களுக்குக் கோயா ஓவியம் பிரச்சினையாகத் தெரியவில்லை போல.

விக்கிப்பீடியா இதே சிக்கலில் மாட்டியிருக்கிறது. 2011 மே மாதம் அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் வாரியம், சர்ச்சைக்குரிய படங்களை வாசகர் விரும்பினால் மறைத்துக்கொள்ளும் வசதி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாசகரைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பது அதிலிருந்த கருத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆகஸ்டில் உலகம் முழுக்கக் கருத்துக்கேட்பு நடத்தினார்கள். ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் தனியாக வாக்கெடுத்தார்கள், 86 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

ஏன் வேண்டாம் என்றார்கள்? மறைப்பதற்கு முன் ஒவ்வொரு படத்துக்கும் யாராவது "இது ஆபாசம், இது வன்முறை, இது மத நிந்தனை" என்று சீட்டு ஒட்ட வேண்டும். எந்த ஊர்க் கண்ணால் ஒட்டுவது? முக்காடு இல்லாத தலையும் சீட்டு வாங்குமா? பாலூட்டும் தாய்? நம் கோயில் சிற்பங்களில் பாதி சீட்டு வாங்கிவிடும். ஒட்டிய சீட்டை வைத்தே ஒரு அரசாங்கம் மொத்தமாகத் தடுத்துவிடவும் முடியும்.

அதனால் என் யோசனை: படத்துக்குச் சீட்டு ஒட்டாதீர்கள். பட்டியல் பக்கத்தில் எல்லாப் படமும் மூடியே இருக்கட்டும், ராணி தலையானாலும் நிர்வாண ஓவியமானாலும் ஒன்றே. தலைப்பைப் படித்து, வேண்டும் என்றால் அழுத்திப் பார்க்கட்டும். தலைப்பு ஒழுங்காக இருந்தால் போதும். "ஸ்பெயின் 1930, கோயா, நிர்வாண ஓவியம்" என்று இருந்தால் அலுவலகத்தில் திறக்கிறவர் தன் பொறுப்பில் திறக்கிறார்.

#12 அரையணா (கோவை)

இது பிடித்திருக்கிறது. இணைய வேகம் குறைவான உறுப்பினர்களுக்கும் நல்லது.

தலைப்பு என்றதும் அடுத்த சண்டை ஞாபகம் வருகிறது. நாட்டுப் பெயர். தைவான் பகுதியை "சீனா" என்ற தலைப்புக்குள் வை என்று ஒருவர், வெளியே வை என்று ஒருவர். வடக்கு சைப்ரஸ், கிரிமியா, எல்லாவற்றுக்கும் இதே கதை.

#13 பழைய கவர் (மதுரை)

அதற்கு நம்மிடமே விடை இருக்கிறது. தபால்தலையில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் தலைப்பு, அதோடு ஆண்டு. "மஞ்சுகுவோ 1932", "ரொடீசியா 1965", "பயாஃப்ரா 1968". அப்படி ஒரு நாடு இருந்ததா, இருக்கலாமா என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை, அப்படி ஒரு தாள் அச்சானது என்று மட்டும் சொல்கிறோம். ரொடீசியா தானாகச் சுதந்திரம் அறிவித்து வெளியிட்ட தபால்தலையைப் பிரிட்டன் ஏற்கவில்லை, அந்தக் கடிதங்களுக்குக் கூடுதல் கட்டணம் வசூலித்தார்கள். அந்தத் தண்டக் கட்டண முத்திரையோடு இருக்கும் கவர்தான் இன்று விலை போகிறது.

தபால்தலை உலகத்தில் தடை போட்டாலே விலை ஏறும், அதையும் கவனியுங்கள். 1968-இல் சீனா "நாடு முழுதும் சிவப்பு" என்று வரைபடம் போட்ட தபால்தலையில் தைவானுக்குச் சிவப்பு அடிக்காமல் விட்டுவிட்டார்கள். உடனே திரும்பப் பெற்றார்கள். தப்பிப் பிழைத்த சில தாள்கள் இன்று ஏலத்தில் கோடிக்கணக்கில் போகின்றன.

#14 கடுகு (திருச்சி)

பிரிட்டிஷ் ஸ்டாம்ப்பில் நாட்டுப் பெயரே கிடையாதே பெரியவரே. தலைப்பில் ராணி என்று போடலாமா?

#15 பழைய கவர் (மதுரை)

போடுங்கள். 1840-இல் முதலில் ஆரம்பித்தவர்கள் என்பதால் உலக ஒன்றியமே அவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, நீங்களும் கொடுங்கள்.

வேடிக்கை இருக்கட்டும், இதில் ஒரு ஓட்டை உண்டு. யாரும் வெளியிடாததை வெளியிட்டதாகச் சொல்லி அச்சடித்து விற்கிறார்கள். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியா பெயரில் 1994-இல் நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸும் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனும் சேர்ந்து ஒரு தபால்தலை வந்தது, மார்க்ஸ்-லெனின் என்று கிண்டல். எந்த அஞ்சலகத்திலும் யாரும் வாங்கி ஒட்டியிருக்க மாட்டார்கள். 2002-இலிருந்து உலக ஒன்றியம் உண்மையான வெளியீடுகளுக்கு எண் கொடுக்கிறது. புதிய தலைகளுக்கு அந்த எண் இருந்தால் எழுதச் சொல்லுங்கள், இல்லாதவற்றுக்குத் தனி அறை. தடை வேண்டாம், அறை வேறாக இருந்தால் போதும்.

#16 ஹாம்பர்க் வாசி

எல்லாரும் படத்தின் முன்பக்கத்தையே பார்க்கிறீர்கள். கவர் போடும்போது பெறுநர் முகவரி தெரிகிறதே! 1990-களின் கவர் என்றால் அந்த ஆள் அதே வீட்டில் உயிரோடு இருப்பார். ஐரோப்பாவில் 2018 மே மாதத்திலிருந்து தனிநபர் தரவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, சர்வரும் இங்கே. கடந்த சில பத்தாண்டுகளின் கவர் என்றால் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் மறைக்கச் சொல்லுங்கள்.

நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரேசியன்ஷ்டாட் முகாமிலிருந்து வந்த அஞ்சலட்டைகளை "அரிய பொருள், விலை கேளுங்கள்" என்று சிலர் போடுகிறார்கள். பெயர் தெரிகிறது, கையெழுத்து தெரிகிறது. சட்டப்படி அந்த ஆள் இறந்துவிட்டார், தரவுச் சட்டம் பொருந்தாது. ஆனால் பேரன் பேத்தி இருப்பார்கள். காட்டலாம், படிக்கலாம், பேசலாம். குழுவுக்குள் விலை பேசக்கூடாது. இது என் கருத்து.

#17 பழைய கவர் (மதுரை)

இங்கே உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. முகாம் அஞ்சல் வரலாற்றைக் காப்பாற்றியவர்களில் பாதிப்பேர் சேகரிப்பாளர்கள். விலை இல்லை என்றால் பரணில் கிடந்து கரையான் தின்றிருக்கும். விலையை ஒளித்துவிட்டால் வியாபாரம் நின்றுவிடாது, தனி மடலுக்குப் போகும். அங்கே போலியும் கூடவே போகும்.

#18 ஹாம்பர்க் வாசி

போகட்டும். எங்கள் முற்றத்தில் வேண்டாம் என்கிறேன். இங்கே ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒரு அட்டையைப் பார்த்தேன். பென்சிலில் நாலு வரி: நலமாக இருக்கிறேன், பொட்டலம் வந்தது, நன்றி. அனுமதித்த வார்த்தைகள் அவ்வளவுதான். அதன் பக்கத்தில் "குறைந்தபட்ச ஏலம்" என்று எழுதிப் பார்க்க என்னால் முடியவில்லை.

#19 நெறியாளர்

இருவர் கருத்தும் பதிவாகிவிட்டது. இதை இங்கே தீர்க்க முடியாது, மேலே போகலாம்.

#20 முத்திரைக்காரி (யாழ்ப்பாணம்)

உக்ரைன் முத்திரைக்கு வருகிறேன். "முத்திரையைப் பற்றி மட்டும் பேசு, போரைப் பற்றிப் பேசாதே" என்று விதி எழுதத்தான் எல்லாருக்கும் கை வரும். போர் நடக்கும் ஊரில் இருந்து எழுதுகிறவருக்கு அந்த விதி எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். அந்த முத்திரைக்கு வரிசையில் நின்றதை அவர் எழுதினால், சைரன் சத்தம் வராமல் எப்படி எழுதுவார்? அதையும் வெட்டுவீர்களா?

என்னுடைய கோடு இது: தனக்கு நடந்ததைச் சொல்லலாம். எதிரே இருக்கும் உறுப்பினரை அவருடைய நாட்டுக்காகத் திட்டக்கூடாது. ரஷ்ய உறுப்பினர் பல் ஓட்டையை எண்ணிக்கொண்டு இருந்தால் அவரை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. விதி எந்த மொழியில் இருந்தாலும், புகாரைப் படிப்பவருக்கு அந்த மொழி தெரிய வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது முகநூலில் சிங்களத்தில் ஓடிய வெறுப்புப் பதிவுகளைப் பலர் முறையிட்டார்கள். "எங்கள் விதியை மீறவில்லை" என்று பதில் வந்தது. விதி நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது, அதைப் படித்துப் பார்க்கச் சிங்களம் தெரிந்த ஆட்கள் போதவில்லை. அரசு பல நாள் முகநூலையே முடக்கியது. 2020-இல்தான் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உங்கள் மூவருக்கும் உருது தெரியுமா? உக்ரைன் மொழி? தெரியாத மொழியில் நடக்கும் சண்டையை மொழிபெயர்ப்புப் பொறியை வைத்துத் தீர்ப்பீர்களா?

#21 அரையணா (கோவை)

முத்திரைக்காரி சொன்னது உறைத்தது. நேற்று இரவு மூவரும் பேசினோம். ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், குறை சொல்லுங்கள்.

"எந்த அரசு அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையையும் இங்கே காட்டலாம். காட்டுகிறவர் வெளியிட்ட பெயர், ஆண்டு, தபால்தலையைப் பற்றி இரண்டு வரியாவது எழுத வேண்டும்; எழுதாத பதிவு ஒரு நாள் பார்த்து நீக்கப்படும், காரணம் கேட்கப்படாது. தலைப்பில் தபால்தலையில் அச்சிட்ட பெயரே வரும், அது யாருடைய உரிமையையும் ஏற்பதாகாது. குழு தன் பெயரில் வரைபடம் எதையும் வெளியிடாது. பட்டியல் பக்கத்தில் படங்கள் மூடியே இருக்கும். ஸ்கேன் குறைந்த தெளிவில் இருக்க வேண்டும். சமீப காலக் கவர்களில் முகவரியை மறைக்க வேண்டும். நாட்டையும் மதத்தையும் வைத்து உறுப்பினரைத் தாக்கினால் முதலில் எச்சரிக்கை, பிறகு வெளியேற்றம். உங்கள் நாட்டுச் சட்டம் எதைத் தடுக்கிறது என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. எங்களுக்கு நீதிமன்ற உத்தரவு வந்தால் கட்டுப்படுவோம், உத்தரவு வந்ததை இங்கே அறிவிப்போம்."

முகாம் அஞ்சலைக் காட்டலாம், விற்க முடியாது என்று வைத்திருக்கிறோம். பழைய கவர் ஐயா கோபிக்க வேண்டாம். இரண்டுக்கு ஒன்று என்று முடிவானது.

#22 சட்டப்புள்ளி (சென்னை)

"காரணம் கேட்கப்படாது" என்பதை எடுத்துவிடுங்கள், ஆணவமாக இருக்கிறது. "விவரம் சேர்த்தால் திரும்ப வரும்" என்று எழுதுங்கள். அப்புறம், யார் நீக்கினாரோ அவரே முறையீட்டையும் விசாரிக்கக்கூடாது. மூன்று பேர் இருக்கிறீர்கள், ஒருவர் நீக்கினால் மற்ற இருவர் பார்க்கட்டும்.

#23 கடுகு (திருச்சி)

அரசு வெளியிட்டது மட்டும் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் காசுக்கு அடித்துக் கொடுத்தது? நம் ஊர் "மை ஸ்டாம்ப்"? என் மச்சான் கல்யாணத்துக்கு அடித்தது?

#24 அரையணா (கோவை)

நல்ல கேள்விதான். தனிநபர் படம் போட்ட தலைகளை, எண் இல்லாதவற்றுக்கான அதே தனி அறைக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். சட்டப்புள்ளி சார் சொன்ன இரண்டு திருத்தமும் சரி, சேர்த்துவிட்டேன்.

உருதுவுக்கு லாகூர் உறுப்பினர் ஒருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். உக்ரைன் மொழிக்கும் ரஷ்ய மொழிக்கும் ஒரே ஆளைப் போட வேண்டாம், தனித்தனி ஆள் தேடுகிறோம். முத்திரைக்காரி, சிங்களத்துக்கு நீங்கள் வர முடியுமா?

#25 முத்திரைக்காரி (யாழ்ப்பாணம்)

எனக்குப் பேச வரும் அண்ணா, ஏசினால் பாதிதான் விளங்கும். குருநாகலில் ஒரு சிங்களச் சிநேகிதி இருக்கிறாள், ஒல்லாந்தர் காலத்துக் கடிதங்கள் சேர்க்கிறாள். கேட்டுச் சொல்கிறேன்.